கொப்பி மூலையில் ஒரு வட்டம்

வலி கிளினிக்குக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். ஓய்வு பெற்றவர்களிடம் இப்படிக் கேட்பது ஆபத்தான வேலை. நாலு வார்த்தை நாற்பது பக்கமாகிவிடும். அதில் முப்பத்தொன்பது பக்கம் நாங்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்றுதான் இருக்கும். என்னிடமும் அப்படிச் சில கதைகள் உண்டு. பிரிவுபசாரத்தன்று மற்றவர்கள் அவற்றையெல்லாம் சொல்லி முடித்துவிட்டார்கள். மிச்சம் கிடப்பது இது ஒன்றுதான். இதை அறிந்தவர் அந்த மண்டபத்தில் என்னைத் தவிர இன்னொருவர் இருந்தார். அவர் நல்ல மனிதர், வாய் திறக்கவில்லை.

ஊசி, மருந்து, அளவு எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் எழுதப்போவது ஒரு மனிதருடைய வலது கையைப் பற்றி. அவர் பெயரை மாற்றித் தவராசா என்று வைக்கிறேன். செட்டிபாளையத்தில் வாவிப் பக்கம் வீடு. வீச்சுவலை வீசுகிறவர். வலையில் கிடந்த கெளுத்தியைக் கழற்றும்போது அதன் முள் வலது பெருவிரலின் அடியில் ஏறிவிட்டது. வாவியில் இறங்குகிறவர்களில் கெளுத்தி முள் ஏறாத கை இல்லை. சுடுதண்ணீரில் கையை வைத்திருந்துவிட்டு மறுநாள் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு வந்தார். காயத்தைக் கழுவி மருந்து கட்டி அனுப்பினார்கள். மூன்று கிழமையில் காயம் மூடிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து அவர் என் கிளினிக்குக்கு வந்தார். வரிசையில் அவருக்கு முன்னும் பின்னும் மட்டும் இடம் விட்டிருந்தது. அவருடைய மனைவி புஸ்பம் இரண்டு கையையும் விரித்து, யாரும் இடித்துவிடாமல் மறித்துக்கொண்டு நின்றார். தவராசா வலது கையை முன்னால் நீட்டி, உள்ளங்கை மேலே தெரியப் பிடித்திருந்தார். நிறைந்த கிண்ணம் ஒன்றைச் சிந்தாமல் கொண்டுவருகிறவர் போல நடந்து வந்தார். இதெல்லாம் கொஞ்சம் அதிகம் என்று எனக்குப் பட்டது. அவர் கதிரையில் உட்காருவதற்கு முன்பே எனக்கு அப்படிப் பட்டுவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

"நோகுது டொக்டரம்மா," என்றார். "நெருப்புக்குள்ள கைய வெச்சாப்போல எரியிது. சட்டக் கை பட்டாலும் ஏலாது. ஃபேன் காத்துப் பட்டாலும் ஏலாது."

"காயம் ஆறிட்டுதே?"

"காயம் ஆறிற்று. நோதான் ஆறல்ல."

எக்ஸ்ரேயில் எலும்பு சுத்தமாக இருந்தது. முள் துண்டு எதுவும் உள்ளே இல்லை. இரத்தப் பரிசோதனையிலும் குறையில்லை. தோல் கொஞ்சம் மினுங்கியது, உள்ளங்கை வியர்த்திருந்தது. வேலைக்குப் பாவிக்காத கை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இன்று நீங்கள் அந்தக் கையை வாசலில் கண்டதும் நோயின் பெயரைச் சொல்லிவிடுவீர்கள். எனக்கும் அந்தப் பெயர் தெரியாமலில்லை. பரீட்சைக்குப் படித்திருந்தேன். பரீட்சையில் வந்திருந்தால் எழுதியுமிருப்பேன்.

அன்று மேசையில் கொப்பிகள் இரண்டு அடுக்காகக் கிடந்தன. எங்கள் கிளினிக் கொப்பியைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நோயாளியின் சரித்திரம் முழுவதும் அவர் கக்கத்தில் வைத்துக் கொண்டுவரும் அந்தப் பாடசாலைக் கொப்பிக்குள்தான் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாதது, அந்தக் காலத்தில் எங்கள் கிளினிக்கில் இருந்த ஒரு வழக்கம். கொப்பியின் முதல் பக்கத்து மேல் மூலையில் பென்சிலால் சின்னதாய் ஒரு வட்டம் போடுவோம். இவருக்கு உடம்பில் ஒன்றுமில்லை, நேரத்தை வீணாக்காமல் ஏதாவது குளிசை எழுதி அனுப்பு என்று அதற்கு அர்த்தம். டொக்டர்மார் மாறி மாறி வருவார்கள். வட்டத்தைக் கண்டால் அடுத்த ஆளுக்கு ஐந்து நிமிடம் மிச்சம். எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது இல்லை, யாரும் யாருக்கும் அதை எழுதிக் கொடுத்ததும் இல்லை.

எனக்கு முன்பு டொக்டர் கதிரையில் இருந்தவரிடம் இதைப் பழகினேன். இரக்கமில்லாத மனிதர் அல்ல அவர். சாப்பாட்டு நேரத்திலும் எழும்பாமல் நோயாளர்களைப் பார்ப்பார். "எல்லாருக்கும் குடுக்க நமக்கிட்ட நேரமில்ல புள்ள," என்பார். "உண்மையான வருத்தக்காரனுக்கு நேரத்த மிச்சம் புடிச்சு வையுங்க." எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். இருபது வருடம் நான் அதை நம்பினேன். உண்மையான வருத்தக்காரன் யார் என்பதை ஐந்து நிமிடத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவரும் சொல்லித்தரவில்லை, நானும் கேட்கவில்லை.

கண்டுபிடிக்க நானே ஒரு வழி வைத்திருந்தேன். தவராசா எழுந்து கதவுப் பக்கம் திரும்பும்போது கொப்பியைச் சட்டென்று அவருடைய வலது பக்கமாக நீட்டினேன். வேண்டுமென்றே செய்தேன். நோகிற கையை யாரும் நீட்டமாட்டார்கள், நடிக்கிறவர் மறந்துபோய் நீட்டிவிடுவார். அதுதான் என் கணக்கு. தவராசா கொப்பியைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு வலது கையை நீட்டி வாங்கிக்கொண்டார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"அப்ப வாறன் டொக்டரம்மா," என்றார்.

பிடித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஒன்றை எழுத மறந்துவிட்டேன் என்று சொல்லிக் கொப்பியைத் திருப்பி வாங்கி, மூலையில் வட்டத்தைப் போட்டேன். இந்தமுறை புஸ்பத்தின் கையில் கொடுத்தேன். அவர் கெட்டிக்காரி, உடனே கண்டுவிட்டார்.

"இது என்ன டொக்டரம்மா?"

"அது அடுத்த டொக்டருக்கு ஒரு அடையாளம்."

"அழிஞ்சா?"

"அழியாது," என்றேன்.

சில மாதம் வந்து போனார்கள். பிறகு எனக்கு வாழைச்சேனைப் பக்கம் மாற்றமாகிவிட்டது. தவராசாவை நான் மறந்துவிட்டேன். வட்டம் போட்டவர்களை நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை, வட்டம் போடுவதே அதற்காகத்தானே.

வேலைக் காலத்தின் கடைசி மூன்று வருடத்துக்குத் திரும்பவும் மட்டக்களப்புக்கு வந்தேன். அப்போதுதான் வலி கிளினிக் தொடங்கியிருந்தது. அதற்குப் பொறுப்பான நிபுணர் காத்தான்குடியில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர். முதல் கிழமையிலேயே எனக்கு அவரைப் பிடிக்காமல் போயிற்று. ஒரு நோயாளிக்கு முக்கால் மணித்தியாலம் எடுப்பார். வெளியே சனம் நிறைந்திருக்கும், உள்ளே இவர் ஒருவரிடம் நித்திரை எப்படி, கனவு வருகிறதா, சேலைத் தலைப்புப் பட்டால் நோகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பார். தேத்தண்ணி நேரத்தில் எனக்குப் பாடம் வேறு எடுப்பார்.

அந்தப் பாடம் மட்டும் என்னை விடவில்லை. நாங்கள் படித்த காலத்தில் வலி என்றால் நரம்பு, நரம்பு என்றால் கம்பி. அடிபட்ட இடத்திலிருந்து கம்பி வழியே செய்தி போகும், காயம் ஆறினால் செய்தி நிற்கும். மூளையிலும் முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாணிலும் நரம்புக் கலங்களைச் சுற்றி வேறு கலங்களும் இருக்கின்றன. அவற்றை நாங்கள் வெறும் பசை என்றுதான் படித்தோம். தாங்கிப் பிடிக்கவும் சாப்பாடு கொடுக்கவும் குப்பை அள்ளவும் இருக்கிற எடுபிடிகள். பரீட்சைக்கு வராது என்று அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனோம்.

அந்த எடுபிடிகள் சும்மா இருப்பதில்லை என்றார் அவர். நரம்பு ஒன்று காயப்பட்டால் முண்ணாணுக்குள் அந்தத் துணைக் கலங்கள் விழித்துக்கொள்கின்றன. அழற்சியை உண்டாக்கும் பொருட்களைச் சுரக்கின்றன. பக்கத்தில் உள்ள நரம்புக் கலங்கள் தொட்டதற்கெல்லாம் துடிக்கிற நிலைக்கு வந்துவிடுகின்றன. காயம் ஆறியதும் இந்தக் கலங்கள் அடங்கவேண்டும். சிலருக்கு அவை அடங்குவதில்லை. ஏன் என்பது இன்னும் முழுதாகத் தெரியாது, எலிகளில் பார்த்ததுதான் அதிகம் என்று அவரே சொல்வார். கையில் வீக்கம் வடிந்து, தோல் மூடி, எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும்போது அழற்சி முண்ணாணுக்குள் எரிந்துகொண்டிருக்கும். அதை எந்த எக்ஸ்ரேயும் காட்டாது.

இதைக் கேட்டபோதும் எனக்குத் தவராசாவின் நினைவு வரவில்லை. இப்போது எழுதும்போது அதுதான் அதிகமாக வெட்கப்படுத்துகிறது.

மாரி தொடங்கிய ஒரு காலையில் அவர்கள் வந்தார்கள். முன்னால் வந்த புஸ்பத்தின் தலை பாதி நரைத்திருந்தது. பின்னால் வந்த மனிதரின் சட்டையின் வலது கையை மடித்து ஊசி குத்தியிருந்தது. முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. எனக்கு யாரென்று தெரியவில்லை. அவர்களும் என்னை அடையாளம் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நிபுணர் கொப்பியை வாங்கி, குறிப்பு எடுக்கச் சொல்லி என்னிடம் தந்தார்.

முதல் பக்கத்தின் மேல் மூலையில் வட்டம் இருந்தது. பென்சிலால் அல்ல, நீலப் பேனையால். எங்கள் வட்டம் கோணல் மாணலாக இருக்கும். இது போத்தல் மூடியை வைத்துக் கீறியதுபோல அவ்வளவு ஒழுங்காக இருந்தது. கீழே பெயரையும் ஊரையும் வாசித்தேன். பக்கத்தைத் திருப்ப எனக்குக் கை வரவில்லை.

"கை எப்படிப் போனது?" என்று நிபுணர் கேட்டார்.

புஸ்பம்தான் சொன்னார். "ஐஸ் டொக்டர். ஐஸுக்குள்ள வெச்சாத்தான் அந்த எரிவு கொஞ்சம் அடங்கும். மீன் வாங்கி வைக்கிற வாடியில ஐஸ் பெட்டி இரிக்கிதானே. விடியச் சாமத்தில போய்க் கைய அதுக்குள்ள வெச்சிட்டுக் குந்தியிரிப்பார். மணிக்கணக்கா. பிறகு தோல் வெளுத்து, ஊறி, புண் வந்திட்டு. புண்ணுல கிருமி ஏறிட்டு. வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக்குள்ள கறுத்துப் போச்சு. எடுக்காட்டி ஆள் தப்பாது எண்டாங்க."

"இப்ப நோவு?"

தவராசா வாய் திறந்தார். "கை போயிட்டு டொக்டர். நோ போகல்ல. இல்லாத விரல் எரியிது. முள்ளுக் குத்தின அதே இடம்." பிறகு மெதுவாகச் சிரித்தார். "ஆனா இப்ப எல்லாரும் நம்புறாங்க. முதல்ல ஒரு முள்ளுக்கு இவ்வளவு நடிப்பா எண்டு கேட்டவங்க, வலை வீசப் பஞ்சியில, சோம்பல்ல சாட்டுச் சொல்றான் எண்டு சொன்ன கூடப்பிறந்ததுகள், எல்லாரும் இப்ப பாவம், நோகும்தானே எண்டு சொல்றாங்க. கை இல்லாத பிறகுதான் நம்புறாங்க."

நிபுணர் கதிரையை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "அண்ணன், வெள்ளம் வந்த நேரம் ஊர்ச் சனம் ஓடி வந்து தூக்கிக் காப்பாத்தும்தானே? வெள்ளம் வடிஞ்ச பிறகும் அந்தச் சனம் போகாம, உங்கட வீட்டுக்குள்ளயே நிண்டு வெள்ளம் வெள்ளம் எண்டு கத்திக்கிட்டு இரிந்தா எப்படி இரிக்கும்? உங்கட முள்ளந்தண்டுக்குள்ளயும் மூளைக்குள்ளயும் அப்படிக் கொஞ்சப் பேர் நிக்கிறாங்க. முள்ளு ஏறின நேரம் உதவிக்கு எழும்பின கலங்கள். இன்னும் படுக்கல்ல. சத்தம் அங்கயிரிந்துதான் வருது, கையில இரிந்து இல்ல."

"அப்ப அவங்கள அனுப்ப மருந்து இல்லையா?"

"சரியான மருந்து இன்னும் இல்ல அண்ணன். தேடிக்கிட்டு இரிக்காங்க. கொஞ்சம் அமத்தலாம், நித்திரை வரப் பண்ணலாம். முழுசாப் போகும் எண்டு நான் பொய் சொல்ல மாட்டன்."

"அப்ப நான் பொய் சொல்லல்ல," என்றார் தவராசா. அவர் எங்களிடம் கேட்கவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார்.

"இல்ல அண்ணன். மெய்யான நோ."

"இத ஆராவது முதல்லயே சொல்லியிரிக்கலாம்," என்று சொல்லிவிட்டு அழுதார். புஸ்பம் சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். நான் குறிப்பு எழுதுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அவர்கள் போன பிறகு நிபுணரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வட்டத்தையும் சொன்னேன், கொப்பியை நீட்டிப் பிடித்த வித்தையையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் திருப்பிச் சண்டை போட்டு மனதை ஆற்றியிருப்பேன். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "நீங்கதான் அவங்களுக்குச் சொல்லணும் டொக்டர்," என்றார். "நான் சொன்னா அது கோள் சொன்ன மாதிரி."

அடுத்த முறை அவர்கள் வந்தபோது கொப்பி முடிந்திருந்தது. புஸ்பம் புதுக் கொப்பி கொண்டு வந்திருந்தார். நான் முதல் பக்கத்தில் பெயரையும் வயதையும் எழுதி வைத்தேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"டொக்டரம்மா, வட்டம் போடல்லயே. நானே கீறட்டா?"

அப்போதுதான் கேட்டேன், ஏன் அதைக் கீறிக்கொண்டு வருகிறீர்கள் என்று.

"முதல் கொப்பியில நீங்க போட்டதுதானே," என்றார். என்னை அவர் ஆரம்பத்திலேயே அடையாளம் கண்டிருக்கிறார். "அடுத்த டொக்டருக்கு அடையாளம் எண்டு சொன்னீங்க. கொப்பி மாத்தக்குள்ள அது விடுபட்டா இவருக்கு மருந்து பிழைச்சிரும் எண்டு நான் ஒவ்வொரு கொப்பியிலயும் போட்டுக்கிட்டு வாறன். பென்சில் அழியும் எண்டு பேனையால கீறினன்."

சொன்னேன். எழுதி ஒத்திகை பார்த்து வந்த வார்த்தைகள் எல்லாம் ஓடிப்போய்விட்டன. அந்த வட்டத்துக்கு இவருக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம், இவரை நம்பாதே என்று அர்த்தம், நான்தான் போட்டேன், பிழை என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அன்று அவர் வலது கையால் கொப்பியை வாங்கியதைப் பார்த்துத்தான் போட்டேன் என்பதையும் சொன்னேன்.

புஸ்பம் என்னைப் பார்த்துச் சத்தம் போடுவார், ஏசுவார் என்று காத்திருந்தேன்.

"டொக்டரம்மா," என்றார் அவர். "நீங்க தாறத இடக்கையால வாங்கப்படாது எண்டுதான் அவர் வலக்கைய நீட்டினவர். வெளிய போய் வேப்பமரத்துக்குக் கீழ, குடிச்ச தேத்தண்ணியும் வெளிய வரச் சத்தி எடுத்தவர். நோ தாங்காம. டொக்டருக்கு மரியாதக் குறைவா நடக்காம எப்படியோ வாங்கிட்டன் எண்டு சந்தோசப்பட்டவர்." பிறகு வேறு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். "நீங்க ஒருக்காத்தான் போட்டீங்க. மற்றதெல்லாம் நானெல்லோ கீறினன். நானெல்லோ கீறிக் கீறிக் குடுத்தன்."

என் பிழையை நான் சொன்னதும் அது அவர் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது. அதை அங்கிருந்து எடுக்க என்னால் முடியவில்லை. உங்கள் பிழை இல்லை, உங்கள் பிழை இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், நம்பவில்லை. நம் சொல்லை மற்றவர் நம்பாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று அன்று எனக்கும் கொஞ்சம் தெரிந்தது.

நான் அன்று அவரை நம்பியிருந்தால் நோவு போயிருக்குமா? போயிருக்காது என்றே நினைக்கிறேன். அந்தக் கலங்களைப் படுக்கவைக்க இன்றும் எங்களிடம் நல்ல மருந்து இல்லை. ஆனால் வேளையோடு கையை அசைக்கப் பழக்கியிருக்கலாம். எல்லாவற்றையும் விட, அந்தக் கையை ஐஸ் பெட்டிக்குள் வைக்காதீர்கள், அது கையைத் தின்றுவிடும் என்று சொல்ல ஒரு ஆள் இருந்திருப்பார். அவர் வாடிக்குப் போய்க் குந்தியிருந்தது யாரிடமும் சொல்ல முடியாமல்தான். சொன்னால் அதையும் நடிப்பு என்பார்கள் என்று பயந்திருக்கிறார். அந்தக் கை இன்று இருந்திருக்கும். இதை நான் நினைக்காமல் படுத்த நாள் இல்லை.

இப்போது வட்டம் இல்லை. கொப்பிகளும் ஒருநாள் இல்லாமல் போகும், எல்லாம் கம்ப்யூட்டருக்குள் வரும் என்கிறார்கள். சந்தோசம். ஆனால் நோயாளியைப் பற்றி ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டுவது, "பழைய ஆள்தான்" என்று மெல்லச் சிரிப்பது, முன்பு பார்த்தவர் எழுதியதை அப்படியே திரும்ப எழுதுவது எல்லாம் இருக்கிறது. இந்தப் பக்கத்துச் சனம் எங்களுக்கு முன்னால் நோவைக் காட்டுவதைவிட மரியாதையைக் காட்டத்தான் பாடுபடும். அவர்கள் முகம் சுளிக்காததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். என்னைவிட நீங்கள் கெட்டிக்காரர்கள் என்பதால் இன்னும் வேகமாக முடிவு செய்வீர்கள் என்பதுதான் என் பயம்.

அன்று அவர்கள் எழும்பியபோது புதுக் கொப்பி என் கையில் இருந்தது. புஸ்பத்திடம் கொடுக்கத்தான் நீட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. தவராசாவின் வலது தோள் சட்டென்று அசைந்தது. மடித்துக் குத்தியிருந்த சட்டைக் கை கொஞ்சம் முன்னால் வந்து நின்றது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். பிறகு இடது கையை மெதுவாக நீட்டினார்.

"குறை நினைக்காதீங்க டொக்டரம்மா," என்றார். "இனி இந்தக் கையாலதான் வாங்க வேணும்."